தந்தையின் கல்லறைக்கு இரு வாசல்கள்



பங்குக் குருவின் வாழ்வில் துக்க வீடுகளுக்குச் செல்லும் நாள்கள் பல. அவ்வீடுகளில் யாம் திரும்பத் திரும்பக் கண்ட காட்சி ஒன்று உண்டு. பாகப்பிரிவினையில் மனம் கசந்து, ஆண்டுக் கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராத அண்ணனும் தம்பியும், தந்தையின் உடல் கிடத்தப்பட்டிருக்கும் கூடத்தின் இரு மூலைகளில் நிற்பார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்படும் வேளை வந்ததும், பெட்டியைத் தூக்க இருவரும் ஒருசேர முன்வருவார்கள். தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பது அன்று கண்கூடாகும். சில குடும்பங்களில் அன்று சேர்ந்த தோள்கள் பிறகு பிரிவதில்லை. சில குடும்பங்களிலோ, கல்லறை மண் காயுமுன் பழைய பகை திரும்பிவிடுகின்றது.

இதே காட்சியை ஆதியாகமமும் நமக்குக் காட்டுகின்றது. முதுபெரும் தந்தை ஆபிரகாம் இறந்தபோது, அவரை மக்பேலாக் குகையில் அடக்கம் செய்தவர்கள் ஈசாக், இஸ்மாயேல் ஆகிய இரு மக்களுமே என்று அந்நூலின் 25ஆம் அதிகாரம் கூறுகின்றது. இஸ்மாயேல் யார்? தாய் ஆகாருடன் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டுப் பாலைநிலத்தில் தண்ணீரின்றித் தவித்த பிள்ளை. அந்தப் பிள்ளை வளர்ந்து, தந்தையின் அடக்கத்துக்குத் திரும்பி வந்து, தம்பியின் அருகில் நின்றார். யூத மக்கள் ஈசாக்கின் வழியாக ஆபிரகாமைத் தந்தை என்கின்றனர். முஸ்லிம் மக்கள் இஸ்மாயேலை நினைந்து அவ்வாறே அழைக்கின்றனர். கிறிஸ்தவர்களாகிய நாமும் விசுவாசத்தின் தந்தை என்று அவரைப் போற்றுகின்றோம்.

அந்தக் குகை அமைந்துள்ள எபிரோன் நகருக்கு, இம்மூன்று சமயங்களின் குருக்களோடும் சேர்ந்து சென்றுவரும் பேறு 2018ஆம் ஆண்டு எமக்குக் கிட்டியது. புனித நாட்டிலிருந்து வரும் செய்திகளைக் கேட்டு, "சுவாமி, அங்கே என்றாவது சமாதானம் வருமா?" என்று எம் பங்கு மக்கள் அடிக்கடி வினவுகின்றனர். அரசியல் அறிந்தவர்கள் சொல்ல வேண்டிய விடையை யாம் சொல்ல இயலாது. அந்தப் பயணத்தில் கண்டதையும், அங்கே எமக்கு நேர்ந்த ஒரு வெட்கத்தையும் மட்டும் இங்கே எழுதுகின்றோம்.

உடன்பயணிகள்

அவ்வாண்டு சில மாதங்கள் மேற்படிப்புக்காக ஐரோப்பிய நகரம் ஒன்றில் தங்கியிருந்தோம். சமயங்களுக்கிடையே நிகழ வேண்டிய உரையாடல் பற்றிய வகுப்பு அது. வகுப்பு முடிந்ததும், அக்டோபர் மாதத்தில், எங்களுள் ஒன்பது பேர் பத்து நாள் பயணமாகப் புறப்பட்டோம். கத்தோலிக்கக் குருக்கள் மூவர். சீர்திருத்த சபை ஆயர்கள் இருவர், அவர்களுள் ஒருவர் பெண்மணி. யூத குருக்களாகிய ரபிகள் இருவர். முஸ்லிம் இமாம்கள் இருவர். ஒன்பதின்மருள் தமிழர் யாம் ஒருவரே.

கிறிஸ்தவமல்லாத சமயங்களைக் குறித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட ஏட்டினைக் குருமடத்தில் யாம் படித்திருந்தோம். தேர்வில் அதைப் பற்றி எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். ஆயினும், அதுவரை ஒரு யூதரோடும் ஒரே மேசையில் அமர்ந்து உணவு உண்டவரல்லோம். ஏட்டில் படித்தது ஒன்று, பயணத்தில் கற்றது வேறொன்று.

முதல் பாடம் நாட்டுக்குள் நுழையும்போதே கிடைத்தது. எட்டுப் பேரின் கடவுச்சீட்டுகளில் விரைவில் அனுமதி கிடைத்தது. இளைய இமாமை மட்டும் தனியே அழைத்துச் சென்றனர். மூன்று மணி நேரம் கழிந்தது. எங்களை வண்டியில் போய் அமரச் சொன்னார்கள். மூத்த ரபி அசையவில்லை. எழுபதைக் கடந்த அவர், விசாரணை அறையின் வாசலிலிருந்த நாற்காலியில் அமர்ந்து, தம் செபநூலைத் திறந்துகொண்டார். இமாம் வெளியே வந்தபோது, "நீங்கள் இருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது" என்றார். அவ்வளவே பேச்சு.

இரண்டாம் பாடம் உணவு. யூதருக்கு விலக்கப்பட்டது ஒன்று, முஸ்லிமுக்கு விலக்கப்பட்டது ஒன்று, வெள்ளிக்கிழமை எங்களுக்கு இறைச்சி இல்லை, ஆயர் அம்மையாரோ இறைச்சியே உண்ணாதவர். தங்குமிடத்துச் சமையற்காரர் முதல் நாள் தலையில் கை வைத்துக்கொண்டார். இறுதியில் ரொட்டி, ஒலிவக் காய், வெள்ளரி, தக்காளி, கொண்டைக்கடலை மசியல் என்று ஒரு பந்தி அமைந்தது. ஒன்பது மனச்சாட்சிகளுக்கும் ஊறு செய்யாத அந்த எளிய உணவை, பத்து நாளும் மகிழ்ந்து உண்டோம்.

எருசலேமில்

ஒலிவ மலையில் தொடங்கினோம். அங்கே, ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செபிக்கக் கற்பித்ததை நினைவுகூரும் ஆலயம் உள்ளது. கர்த்தர் கற்பித்த செபம் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில், பளிங்கு போன்ற ஓடுகளில் எழுதப்பட்டு, அதன் சுவர்களை அணிசெய்கின்றது. நம் தாய்மொழியாம் தமிழிலும் அது இருக்கக் கண்டு, அந்நிய மண்ணில் உறவினரைச் சந்தித்தாற்போல் நின்றுவிட்டோம். மூத்த ரபி எம்மை அதனைத் தமிழில் ஓதச் சொல்லிக் கேட்டார். பிறகு, "இறைவனின் பெயர் புனிதமாகட்டும், அவரது அரசு வரட்டும் என்று வேண்டும் செபம் எங்களிடமும் உண்டு. இறந்தவர்களுக்காகத் துக்கம் காக்கும் மகன் அதைத்தான் ஓதுகிறான்" என்றார். ஆண்டவர் இயேசு யூதத் தாயின் மடியில் செபிக்கப் பழகியவர் என்பதை நாம் எவ்வளவு எளிதில் மறந்துவிடுகின்றோம்!

அடுத்த நாள் பழைய நகருக்குள் சென்றோம். மேற்குச் சுவரின் கற்களில் நெற்றியைப் பதித்து ரபிகள் செபித்தனர். 2000 மார்ச்சு 26ஆம் நாள், முதுமையில் தளர்ந்த நடையோடு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இச்சுவரருகே வந்து, யூத மக்களுக்கு இழைக்கப்பட்ட துன்பங்களுக்காக மன்னிப்பு வேண்டும் செபத்தாளைக் கல்லிடுக்கில் வைத்தார். 2014 மே 26ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிசு இதே இடத்தில், தம்மோடு அர்செந்தீனாவிலிருந்து பயணம் செய்த நண்பர்களான ரபி ஆபிரகாம் ஸ்கோர்கா, முஸ்லிம் தலைவர் ஓமர் அபூத் ஆகிய இருவரையும் கட்டித் தழுவினார். மூவரும் சேர்ந்து பயணம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பமாயிருந்தது. எங்கள் சிறு குழுவும் அவர்கள் நடந்த தடத்தில்தான் நடந்துகொண்டிருந்தது.

சுவருக்கு மேலேயுள்ள அல்-அக்சா வளாகத்தில்தான் எங்கள் குழு முதன்முதலாகப் பிரிய நேர்ந்தது. இமாம்கள் பள்ளிவாசலுக்குள் சென்று தொழுதனர். கிறிஸ்தவர்களாகிய நாங்கள் குறித்த நேரத்தில் முற்றத்தில் மட்டும் உலாவ அனுமதி பெற்றோம். ரபிகளோ உள்ளே வரவேயில்லை. பழைய தேவாலயத்தின் மகா பரிசுத்த இடத்தை அறியாமல் மிதித்துவிடக் கூடாதென்ற அச்சத்தால், யூத சமயத் தலைமை அங்கு நுழைய வேண்டாமென்று வாயிலில் அறிவிப்பு வைத்திருக்கின்றது. ஒரே இடத்தின் புனிதம் ஒருவரை உள்ளே அழைக்கின்றது, ஒருவரை வெளியே நிறுத்துகின்றது.

"இவர்களுக்குள்தான் எத்தனை வேலிகள்!" என்று யாம் மனத்துக்குள் எண்ணினோம். அந்த எண்ணம் மாலைவரைகூட நிலைக்கவில்லை. பரிசுத்த கல்லறை ஆலயத்தின் முற்றத்துக்கு வந்தோம். மேலேயுள்ள சன்னலொன்றின் கீழ் ஒரு சிறு மர ஏணி சார்த்தியிருந்தது. இளைய இமாம் அதன் காரணத்தை எம்மிடம் கேட்டார். சொல்லத்தான் வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டு முதலே அங்கே ஏணி உண்டு. அதை எடுக்கும் உரிமை எந்தச் சபைக்கு என்பதில் இணக்கம் இல்லாமையால் அது அங்கேயே நிற்கின்றது. கிரேக்கர், இலத்தீன் வழிபாட்டினர், ஆர்மீனியர், கோப்தர், சிரியர், எத்தியோப்பியர் ஆகிய ஆறு கிறிஸ்தவ சமூகத்தார் அந்த ஆலயத்தைப் பங்கிட்டுக்கொண்டுள்ளனர். எந்த விளக்கு யாருடையது, எந்தப் படியை யார் பெருக்குவது என்பதெல்லாம் 1852ஆம் ஆண்டு துருக்கிய சுல்தான் உறுதிப்படுத்திய பழைய ஏற்பாட்டின்படியே நடக்கின்றது. 2002ஆம் ஆண்டு கோடையில், கூரையின்மேல் காவலிருந்த கோப்தத் துறவி ஒருவர் வெயிலுக்காகத் தம் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார். அது எத்தியோப்பியரின் பகுதி. கைகலப்பு மூண்டு, பதினொருவர் மருத்துவமனை சேர்ந்தனர். ஆலயத்தின் சாவியோ நூற்றாண்டுகளாக ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கின்றது. மற்றொரு முஸ்லிம் குடும்பத்தார் நாள்தோறும் கதவைத் திறக்கின்றனர்.

யாம் சொல்லி முடித்தோம். இமாம் சிரிக்கவில்லை. "சாவியை நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம், தந்தையே" என்றார் மென்மையாக. ஒன்றை மட்டும் மகிழ்வோடு சேர்த்துக் கூறினோம். இடிந்து விழும் நிலையிலிருந்த கல்லறை மண்டபத்தைப் புதுப்பிக்க கிரேக்கரும் பிரான்சிஸ்கு சபையினரும் ஆர்மீனியரும் ஒன்றுபட்டு, 2017 மார்ச்சில் அப்பணியை நிறைவு செய்தனர். ஏணி நின்ற இடத்திலேயே நிற்கின்றது. ஆயினும் கல்லறை காப்பாற்றப்பட்டது.

பெத்லகேமின் தாழ்ந்த வாசல்

பெத்லகேமுக்குச் செல்லும் வழியில், மனிதர் மூவர் நால்வர் உயரத்துக்குச் சிமெண்டுச் சுவர் எழுந்து நின்றது. சோதனைச் சாவடியைக் கடக்குமுன் ரபிகள் தங்கள் சிறு குல்லாயின்மேல் சாதாரணத் தொப்பி ஒன்றை அணிந்துகொண்டனர். மூத்த இமாம் அதைக் கண்டு, தம் தலைப்பாகையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, அவர்களைப் போலவே ஒரு தொப்பியை வாங்கி அணிந்தார். எவரும் எவரிடமும் காரணம் கேட்கவில்லை.

ஆண்டவர் பிறந்த ஆலயத்தின் வாசல் மிகத் தாழ்ந்தது. குனியாமல் எவரும் உள்ளே நுழைய முடியாது. ஒன்பது பேரும் குனிந்து நுழைந்தோம். குகையில், பதினான்கு முனைகள் கொண்ட வெள்ளி நட்சத்திரத்தை நாங்கள் முத்தி செய்தபோது, இமாம்கள் கைகளை விரித்து அமைதியாய் நின்றனர். திருக்குரானில் மரியன்னையின் பெயர் தாங்கிய அதிகாரம் ஒன்று உண்டு. அது 19ஆம் அதிகாரம். தேவதாயின் பிரசவ வேதனையை அது உருக்கமாகச் சொல்கின்றது என்று மூத்த இமாம் எமக்கு விளக்கினார். தம் மகளுக்கு மரியம் என்றே பெயரிட்டிருப்பதாகவும் கூறினார்.

எபிரோன்

ஆறாம் நாள் செவ்வாய்க்கிழமை. எருசலேமிலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்று எபிரோனை அடைந்தோம். அரபு மொழியில் அந்நகரின் பெயர் அல்-கலீல். நண்பர் என்று பொருள்; கடவுளின் நண்பராகிய ஆபிரகாமைக் குறிக்கும். எபிரோன் என்னும் எபிரேயப் பெயரும் நட்பைக் குறிக்கும் சொல்லின் வேரிலிருந்தே வந்தது என்றார் இளைய ரபி. இரு மொழியிலும் நட்பின் பெயர் தாங்கிய அந்நகரில், பூட்டிய கடைகள் வரிசையாய் நின்றன. சாவடிகளில் துப்பாக்கி ஏந்திய இளம் சிப்பாய்கள் நின்றனர்.

ஆபிரகாம் தம் மனைவி சாராளை அடக்கம் செய்ய, 400 வெள்ளிக்காசு எடைபோட்டுக் கொடுத்து அந்தக் குகையையும் நிலத்தையும் வாங்கினார் என்று வேதநூல் கூறும். வாக்களிக்கப்பட்ட நாட்டில் அவர் விலைகொடுத்து உரிமையாக்கிக்கொண்ட முதல் நிலம் ஒரு கல்லறை! குகையின்மேல் பெரும் ஏரோது கட்டிய மதில் இன்றும் உறுதியாய் நிற்கின்றது. ஏறத்தாழ 60 மீட்டர் நீளமும் 34 மீட்டர் அகலமும் கொண்ட அந்த மதிலுக்குள் கிறிஸ்தவக் கோவில் எழுந்தது, பள்ளிவாசல் எழுந்தது, சிலுவைப்போர் வீரர்களின் ஆலயம் எழுந்தது, மீண்டும் பள்ளிவாசலாயிற்று. 1267ஆம் ஆண்டு முதல் யூதரும் கிறிஸ்தவரும் உள்ளே வரத் தடை விதிக்கப்பட்டது. யூதர்கள் வெளிப்படிக்கட்டில் ஏழாம் படிவரை மட்டுமே ஏறலாம். அந்நிலை 1967 வரை நீடித்தது. 1994 பிப்ரவரி 25ஆம் நாள், ரமலான் மாதத்து வைகறைத் தொழுகையில் குனிந்திருந்தவர்கள்மீது யூதர் ஒருவர் துப்பாக்கியால் சுட்டு 29 முஸ்லிம்களைக் கொன்றார். அதன்பின் கட்டடம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. யூதருக்கு ஒரு வாசல், முஸ்லிம்களுக்கு ஒரு வாசல். ஆண்டில் ஏறத்தாழப் பத்து நாள்கள் மட்டும் முழுக் கட்டடமும் ஒரு சாராருக்குத் திறக்கப்படும். மற்றொரு பத்து நாள்கள் மறுசாராருக்கு.

வாசலில் சிப்பாய் ஒருவர் எங்களை நிறுத்தி, ஒவ்வொருவரின் சமயத்தையும் கேட்டார். விடைகள் கேட்டு முடிந்ததும் எங்கள் குழு மூன்றாய்ப் பிரிந்தது. ரபிகள் ஒரு வாசலால் சென்றனர். இமாம்கள் மறு வாசலால் சென்றனர். கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு மட்டும் இரு வாசல்களும் திறந்திருந்தன.

அந்தச் சலுகையால் எம் உள்ளத்தில் ஒரு பெருமிதம் எழுந்ததை மறைக்காமல் எழுதுகின்றோம். இருபுறமும் விரைந்து சுற்றினோம். கைப்பேசியால் எண்ணற்ற படங்கள் எடுத்தோம். வண்டிக்குத் திரும்பியபோது ரபிகள் முன்னிருக்கையிலும் இமாம்கள் பின்னிருக்கையிலும் மௌனமாய் அமர்ந்திருந்தனர். மூத்த ரபி எம்மை அருகழைத்தார்.

"ஈசாக்கின் மாடம் அந்தப் பக்கம் இருக்கிறது. எனக்கு அங்கே அனுமதியில்லை. அது எப்படி இருக்கிறது, சொல்லுங்கள். என் தந்தையின் பெயரும் ஈசாக்" என்றார்.

யாம் வாய் திறந்தோம், சொல் வரவில்லை. படம் எடுத்தோமேயன்றிப் பார்க்கவில்லை! கைப்பேசியை நீட்டினோம். அவர் அதை வாங்கவில்லை. "படம் என்னிடமும் இருக்கிறது. அங்கே நின்றவர் வாயால் கேட்க விரும்பினேன்" என்றார்.

பின்னிருக்கையிலிருந்து இளைய இமாமும் எழுந்து வந்தார். "யாக்கோபின் மாடம் இந்தப் பக்கம். மகன் யோசேப்புக்காக அழுது அழுது கண்பார்வையை இழந்தவர் அவர் என்று எங்கள் வேதம் கூறுகிறது. என் பாட்டி அக்கதையைச் சொல்லும்போதெல்லாம் தானும் அழுவாள். அங்கே ஒரு நிமிடம் நிற்க ஆசைப்பட்டேன்" என்றார்.

புறப்பட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கைப்பேசியை இருக்கையில் வைத்துவிட்டு, மீண்டும் சென்றோம்.

இம்முறை மெல்ல நடந்தோம். பள்ளிவாசல் பகுதியில் ஈசாக்கின் மாடமும் ரெபேக்காளின் மாடமும் எதிரெதிரே, செந்நிறமும் வெண்ணிறமும் மாறிமாறி அடுக்கிய கற்களால் சிறு வீடுகளைப் போல் நிற்கின்றன. அருகே, 1091ஆம் ஆண்டில் செய்யப்பட்ட நுண்ணிய மரவேலைப்பாடுடைய பிரசங்க மேடை உள்ளது. ஒரு சிறு மண்டபத்தின் கீழ், தரையிலுள்ள துளையின் வழியே குகையின் இருள் தெரிகின்றது. தூண் ஓரமாய் ஒரு முதியவர் சுவரில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். ஈசாக்கின் மாடத்துக்கு முன் நின்று, ரபியின் தந்தைக்காகச் செபித்தோம். பிறகு வெளியே வந்து, சுற்றிச் சென்று, மறு வாசலால் நுழைந்தோம். அங்கே அலமாரிகள் நிறையச் செபநூல்கள். யாக்கோபின் மாடத்தருகே ஓர் இளந்தாய் நூலில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். அவள் துயரம் என்னவென்று நமக்குத் தெரியாது. இமாமின் பாட்டிக்காகவும், பெயர் அறியாத அத்தாய்க்காகவும் செபித்தோம்.

ஆபிரகாமின் மாடம் இரு பகுதிகளுக்கும் நடுவே உள்ளது. இருபுறமும் கம்பிச் சன்னல்கள். நடுவில் குண்டு துளைக்காத கண்ணாடி. யூதர் ஒரு சன்னலின் வழியே தந்தையைக் காண்கின்றனர். முஸ்லிம்கள் மற்றொரு சன்னலின் வழியே அதே தந்தையைக் காண்கின்றனர். இரு மக்களும் சேர்ந்து அடக்கம் செய்த தந்தையின் கல்லறையில், இன்று அவர்கள் வழியினர் சேர்ந்து நிற்க வழியில்லை.

வண்டிக்கு வந்து, கண்டதையெல்லாம் சொன்னோம். உறங்கிய முதியவரைப் பற்றி ரபி இருமுறை கேட்டார். அழுத தாயைப் பற்றி இமாம் ஒன்றும் கேட்கவில்லை. தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிரவு

எருசலேமுக்குத் திரும்பி உணவருந்தியபின் பேச்சு எழுந்தது. எபிரோனில் 1929ஆம் ஆண்டு ஆகஸ்டில் 67 யூதர்கள் கொல்லப்பட்டதை இளைய ரபி சொன்னார். இளைய இமாம் உடனே 1994ஐச் சொன்னார். ஒருவர் ஓர் ஆண்டைச் சொன்னால் மற்றவர் வேறோர் ஆண்டைச் சொன்னார். குரல்கள் உயர்ந்தன. மேசைமீதிருந்த கோப்பை கவிழ்ந்தது. "நாளைக் காலை நான் திரும்பிவிடுகிறேன்" என்று கூறி இளைய இமாம் எழுந்தே விட்டார். எங்களுள் எவருக்கும் நா எழவில்லை. உரையாடல் பற்றி அத்தனை மாதங்கள் படித்தவர்கள் நாங்கள்!

மூத்த ரபிதான் பேசினார். "பிரிவதானால் பிரிவோம். அதற்கு முன் ஒன்று செய்வோம். 1994ஐ நான் சொல்கிறேன். 1929ஐ நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

அவரே தொடங்கினார். நோன்பு நாளின் விடியல், நெற்றி தரையில் படிந்திருந்த மனிதர்கள், முதுகில் பாய்ந்த குண்டுகள் என்று தம் சொந்த வீட்டுத் துக்கத்தைச் சொல்பவர்போல் சொன்னார். கொன்றவன் தம் இனத்தான் என்பதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. இளைய இமாம் நெடுநேரம் நின்றார். பிறகு அமர்ந்து, 1929ஐச் சொல்லத் தொடங்கினார். அண்டை வீட்டார் கையாலேயே மடிந்த குடும்பங்களைச் சொன்னார். உயிருக்கு அஞ்சாமல் யூத அண்டைவீட்டாரைத் தம் இல்லங்களில் ஒளித்துக் காத்த அரபுக் குடும்பங்களையும் சொன்னார். "காத்தவர்களும் என் மக்கள், கொன்றவர்களும் என் மக்கள்" என்று முடித்தார்.

எங்கள் முறை வந்தது. 1099 ஜூலை 15ஆம் நாள் சிலுவைப்போர் வீரர்கள் எருசலேமைக் கைப்பற்றியபோது முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டி வீழ்த்தியதை யாம் சொன்னோம். சிலுவையை ஆடையில் தைத்துக்கொண்டு செய்த செயல் அது. பகலில் இரு வாசல்களும் எமக்குத் திறந்திருந்ததை எண்ணிப் பெருமைப்பட்டது அப்போது எம் நெஞ்சைச் சுட்டது. நமக்குத் திறந்த வாசல்கள் நம் புண்ணியத்தால் திறந்தவையல்ல.

இறுதியில் மூத்த ரபி ஆதியாகமத்தைத் திறந்தார். அடக்கம் செய்தவர்களின் பெயர்களைச் சொல்லும்போது, இளையவரான ஈசாக்கின் பெயர் முதலில் வருகின்றது. மூத்தவரான இஸ்மாயேல் மனந்திரும்பித் தம்பியை முன்னே நடக்கவிட்டார் என்பதற்கு அதுவே சான்று என்று யூத அறிஞர் முற்காலத்தில் விளக்கம் தந்தனர். மூத்த இமாம் புன்னகைத்தார். "எங்கள் தந்தைக்கு நீங்கள் தந்த நற்சான்று இது. ஆனால் விட்டுக்கொடுக்கும் முறை எப்போதும் அண்ணனுக்கே வர வேண்டுமா?" என்று கேட்டார். ரபியும் சிரித்துவிட்டார். அந்தக் கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை வண்டியில் ஒன்பது பேரும் இருந்தோம்.

கலிலேயாக் கடலையும் நாசரேத்தையும் தரிசித்துவிட்டு, திரும்பும் வழியில் நேவே ஷாலோம் என்னும் சிற்றூருக்குச் சென்றோம். எகிப்தில் யூதக் குடும்பத்தில் பிறந்து, கத்தோலிக்கராகி, தோமினிக்கன் சபைக் குருவான புரூனோ உசார் அடிகளார், லத்ரூன் துறவுமடத்தாரிடம் குத்தகைக்குப் பெற்ற நிலத்தில் 1970களில் தோற்றுவித்த ஊர் அது. யூதக் குடும்பங்களும் பாலஸ்தீனக் குடும்பங்களும் அங்கே விரும்பிச் சேர்ந்து வாழ்கின்றன. பள்ளியில் பிள்ளைகள் எபிரேயமும் அரபும் கற்கின்றனர். நூறு இருநூறு வீடுகள் ஒரு நாட்டின் பகையைத் தீர்த்துவிடுமா என்று எவரும் கேட்கலாம். உப்பு எப்போதும் சிறிதளவே இடப்படுகின்றது என்பதே எம் எண்ணம்.

அதற்குப் பின்

2023 அக்டோபர் 7ஆம் நாள் அமாசு இயக்கத்தார் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 250 பேர் பிணையாகப் பிடித்துச் செல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரக்கணக்கானோர் மடிந்தனர். குழந்தைகள் எத்தனை எத்தனை! அங்குள்ள ஒரே கத்தோலிக்கப் பங்கான திருக்குடும்ப ஆலயத்தில் நூற்றுக்கணக்கானோர் அடைக்கலம் புகுந்தனர். திருத்தந்தை பிரான்சிசு தம் இறுதி நாள்கள்வரை அப்பங்கோடு தொலைபேசியில் பேசிவந்தார். 2025 ஜூலை 17ஆம் நாள் அந்த ஆலயமும் தாக்கப்பட்டு மூவர் இறந்தனர்.

எங்கள் ஒன்பது பேருக்கும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த பொதுமடல் 2023இன் இறுதியில் நின்றுபோயிற்று. ரபியும் எழுதவில்லை, இமாமும் எழுதவில்லை. பல மாதங்களுக்குப் பின் மூத்த ரபியிடமிருந்து எமக்குத் தனியாக ஒரு மடல் வந்தது. "இளையவரின் மனைவியின் உறவினர் சிலர் காசாவில் இருந்ததாக நினைவு. நேரே கேட்க எனக்குத் துணிவில்லை. நீர் இரு வாசல்களாலும் போகக்கூடியவர். எனக்காகப் போய்ப் பார்த்துச் சொல்லும்" என்று அதில் எழுதியிருந்தார்.

எழுதிக் கேட்டோம். சில நாள்களில் விடை வந்தது. அவர்களுள் இருவர் இறந்துவிட்டனர் என்று ஒரு வரியில் எழுதியிருந்தார் இமாம். அதற்குக் கீழே, ரபியின் பேரப்பிள்ளைகள் அங்கே படைப்பணியில் இருக்கின்றனரா, நலமாக இருக்கின்றனரா என்று கேட்டிருந்தார். அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அவர்கள் இருவரும் இன்னும் நேரில் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் எம் வழியாக ஐந்தாறு மடல்கள் இருபுறமும் சென்றுவிட்டன.

அன்பு வாசகர்களே, புனித நாட்டின் பகையைத் தீர்க்கும் வலிமை நம்மிடம் இல்லை. ஆனால் நம் ஊரிலும், நம் தெருவிலும், ஏன், நம் வீட்டுக் கூடத்திலும் நடுவே கண்ணாடி வைத்த கல்லறைகள் உண்டு. அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் இடையே போய்வரக்கூடியவர் குடும்பத்தில் ஒருவராவது இருப்பார். சிலவேளை ஒரு தங்கை, சிலவேளை ஒரு மருமகள். இருபுறமும் அனுமதி பெற்ற அவர், ஒருபுறம் கண்ட குறையை மறுபுறம் கொண்டுபோய்க் கொட்டினால், அது வேடிக்கை பார்க்கப் போனவரின் வேலை. எம் முதல் சுற்று அத்தகையதே. ஒருபுறத்துத் துயரத்தை நின்று பார்த்து, மறுபுறத்தில் மெல்லச் சொன்னால், அதுவே சமாதானம் செய்வோரின் வேலை. பேச்சு முற்றும் வேளையில் மூத்த ரபி கற்பித்த வழியையும் முயன்று பாருங்கள்: உங்கள் வலியைச் சொல்லுமுன், எதிரில் இருப்பவரின் வலியை நீங்கள் சொல்லுங்கள்.

சென்ற மாதம் எம் பங்கில் ஒரு முதியவரின் அடக்கம் நிகழ்ந்தது. இரு மைந்தர்கள் பெட்டியை ஒருசேரத் தூக்கினார்கள். கல்லறைத் தோட்டத்தின் வாயில் குறுகலானது; ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகத்தான் நுழைய வேண்டும். இருவரும் ஒரு கணம் நின்றனர். பின்னர் மூத்தவர், "நீ முன்னே போப்பா" என்றார். அவர்கள் வீட்டுக்குத் திரும்பிய பின்னும் பேசிக்கொள்கின்றனரா என்று யாம் இன்னும் விசாரிக்கவில்லை. இந்த வாரம் இரு வீடுகளுக்கும் சென்றுவர எண்ணியுள்ளோம். எமக்காகச் செபியுங்கள்.

ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள் தம் மக்கள் அனைவரையும் ஒரே வாசலுக்கு அழைத்து வருவாராக!